பழைய மோட்டார் சைக்கிளும் அதன் ஒலியடக்கியும்

பழம்பொருளைப் போற்றும் வழக்கம் நம் கல்லூரி மாணவரிடையே அண்மையில் ஒரு புதிய உருவத்தில் தோன்றியிருக்கின்றது. விடுதியின் பின்புறத்துள்ள வண்டிக் கொட்டகையை மாலை வேளையில் எட்டிப் பார்ப்போர், தந்தையரும் பாட்டன்மாரும் ஓட்டிக் கழித்த மோட்டார் சைக்கிள்களை இளைஞர் சிலர் பிரித்துப் பரப்பி, துரு நீக்கி, எண்ணெயிட்டு, மீண்டும் ஓடச் செய்ய முயல்வதைக் காணலாம். இது பாராட்டத்தக்கதே. கையில் கரி படியாமல் பட்டம் பெறுவதே கல்வி என்றிருக்கும் எண்ணம் இதனாற் சிறிது தளருமாயின் யாம் மகிழ்வோம்.

ஆயினும் இம்முயற்சியில் ஒரு பெருங்குறை உண்டு. பெட்ரோல் தொட்டிக்குப் புதுவண்ணம் பூசி, அதன்மேற் பொன்னிறக் கோடு கையாலேயே இழுப்பிக்கின்றனர். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் துலக்குகின்றனர். இருக்கைக்குப் புதிய உறை தைப்பிக்கின்றனர். ஆனால் வண்டியின் வலப்புறத்தே நீண்டு கிடக்கும் அந்தப் புகைக்குழாய்க்கு வரும்போது மட்டும் அவர்தம் பழமைப்பற்று எங்கோ ஓடி ஒளிந்துவிடுகின்றது. அதனைக் கழற்றி எறிந்து வெறுங்குழாய் ஒன்றை மாட்டுகின்றனர். அன்றேல் அதன் வால்முனையை அறுத்து உள்ளிருப்பதை உருவி எடுத்துவிடுகின்றனர். ஒலியடக்கியைக் கெடுத்த பின்னர் வண்டியைப் புதுப்பித்தோம் என்று கூறிக்கொள்வது, கூரையைப் பிரித்துவிட்டு வீட்டைப் பழுது பார்த்தோம் என்பதனோடு ஒக்கும் என்பது எம் கருத்து. அதனை இங்கே சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

இங்ஙனம் கூற நீவிர் யார் என வினவுவோர் உளராகலாம். "சொல்லும் சொல்லும் புணரும் விதி உமக்குத் தெரியும், குழாயும் குழாயும் பொருந்தும் விதி எங்ஙனம் தெரியும்?" என்று எம் வகுப்புத் தோழர்களே நகையாடினர். உண்மைதான். யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோரேயன்றிப் பொறியியல் கற்றோம் அல்லோம். ஆனால் சென்ற கோடை விடுமுறை முழுவதும் ஒரு புகைக்குழாயோடு போராடிக் கழித்தோம். அந்தக் கதையைச் சொன்னாலன்றி எம் கருத்துக்கு வேர் இராது.

எம் தந்தையார் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். 1986-ஆம் ஆண்டில் ஒரு புல்லட் வண்டியைப் புதிதாய் வாங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதிலேயே பள்ளிக்குச் சென்றார். அதிலேயே நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார். எம் தாயாரை மணந்த பின்னர் முதன்முதல் ஊருக்கு அழைத்து வந்ததும் அதிலேதான் என்பர். ஆறு ஆண்டுகட்கு முன்னர்ப் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. வலக்கை வலக்கால் இரண்டும் வலுவிழந்தன. பேச்சும் குறைந்தது. வண்டி ஓலைக் கொட்டகையில் நின்றது. கடலின் உப்புக்காற்று ஆறு ஆண்டுகள் அதனை ஓயாமல் நக்கிற்று.

இனி அவர் ஓட்ட மாட்டார். ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்து கடற்கரைச் சாலையில் ஒருமுறை போய்வர வேண்டும் என்னும் ஆசை அவருக்கு இருந்தது. அதனை அவர் வாய்விட்டுக் கூறவில்லை. மாலைதோறும் கொட்டகைப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்வதிலிருந்து யாம் உணர்ந்துகொண்டோம். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் எம் அண்ணன், வண்டியை நகரத்துப் பட்டறை ஒன்றிற் கொண்டுபோய் விட்டார். எஞ்சின் பழுது பார்க்கப்பட்டது. டயர்களும் மின்கம்பிகளும் புதிதாயின. எல்லாம் நன்றே. ஆனால் கேளாமலே ஒரு வேலையையும் சேர்த்துச் செய்து வைத்திருந்தார் அங்கிருந்த மெக்கானிக். "தம்பி, சைலென்சருக்குள்ளே இருந்த அடைப்பையெல்லாம் எடுத்துவிட்டேன், இனி வண்டி தாராளமாக மூச்சு விடும். இதற்குக் காசு வேண்டாம்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு செய்தாரல்லர். அன்போடு செய்த கேடு அது.

அண்ணன் வண்டியை ஊருக்குள் ஓட்டி வந்தபோது மாலை மங்கும் நேரம். கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. அடுத்த வீட்டில் உறங்கிய குழந்தை வீறிட்டது. திண்ணையில் அமர்ந்திருந்த அப்பா முகத்தைச் சுளித்து, "யார் வண்டி?" என்று கேட்டார். "நம் வண்டிதான் அப்பா" என்றார் அண்ணன். அப்பா நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம் வண்டி கத்தாது" என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போகச் சொன்னார்.

அவர் கூறியது மெய். அந்த வண்டி வருவதை ஊரார் ஒலியாலேயே அறிவர். ஆனால் அவ்வொலி யாரையும் திடுக்கிடச் செய்ததில்லை. தெருமுனையில் அதன் தாழ்ந்த துடிப்பைக் கேட்டதும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடிவிடுவராம். கோயிலில் ஆராதனை நடக்கும் வேளையாயின், அப்பா அந்தத் தெருவில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டியே செல்வார். அத்தனை கனமான வண்டியை மணலில் உருட்டுவது எளிதன்று.

நிற்க. ஒலியடக்கி என்பது யாது? சைலென்சர் என எல்லோரும் வழங்குவதனையே யாம் இச்சொல்லாற் குறிக்கின்றோம். எஞ்சினுக்குள் எரிந்து முடிந்த வாயு, வெளியேற்றும் வால்வு திறந்தவுடன், பல நூறு பாகை வெப்பத்தோடும் மிகுந்த அழுத்தத்தோடும் குழாய்க்குள் பாய்கின்றது. புல்லட் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு எஞ்சினாதலின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே வெடிப்பு நிகழும். நிமிடத்திற்கு 900 முறை சுழன்று மெல்ல ஓடும்போது 450 வெடிப்புகள். அஃதாவது நொடிக்கு ஏழெட்டு. ஒவ்வொரு வெடிப்பும் ஓர் அழுத்த அலையைக் குழாய்வழியே அனுப்புகின்றது. அவ்வலை தடையின்றி வெளிக்காற்றில் மோதுமாயின் துப்பாக்கி வெடி போன்ற ஓசை எழும். ஒலியடக்கிக்குள் துளையிட்ட குழல்களும் தடுப்புத் தகடுகளால் வகுத்த அறைகளும் உள்ளன. குறுகிய குழாயில் வந்த வாயு அகன்ற அறையில் விரிந்து தணிகின்றது. அலைகள் தகடுகளில் மோதித் திரும்பி ஒன்றையொன்று குலைக்கின்றன. கீச்சென்னும் கூரிய ஒலிகள் பெரும்பாலும் அங்கேயே மடிந்துபோகத் தாழ்ந்த துடிப்பு மட்டுமே தப்பி வெளிவருகின்றது.

இங்கே வாசகர் ஒன்றைக் கருத வேண்டும். புல்லட்டின் புகழுக்குக் காரணமாய் எல்லோரும் போற்றும் அந்த 'டப்... டப்...' என்னும் நாதம், ஒலியடக்கியின் வழியாய் வடிகட்டி வந்த நாதமே. அதனைக் கேட்டு மயங்கியவர்கள் அதனை இன்னும் மிகுதியாய்க் கேட்க விரும்பி வடிகட்டியையே எடுத்தெறிகின்றனர். பின்னர்க் கேட்பது அந்த நாதம் அன்று, வேறொன்று. எம் தந்தையாரின் காது பிழைபடவில்லை.

"அடைப்பு நீங்கினால் விசை கூடும்" என்பது பட்டறைகளில் வழங்கும் நம்பிக்கை. இதற்கு நேர்மாறாக, "பின்னழுத்தம் இருந்தால்தான் எஞ்சினுக்கு நல்லது" என்பாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. வெளியேறும் வாயுவை வீணே தடுப்பதால் எஞ்சினுக்கு யாதொரு நன்மையும் இல்லை. ஆனால் குழாயின் நீளம், விட்டம், உள்ளமைப்பு ஆகியவற்றையும் கார்புரேட்டரில் உள்ள ஜெட்டின் துளையையும் ஒன்றுக்கொன்று இசைய வைத்தே வண்டி அமைக்கப்பட்டுள்ளது. ஒன்றை மட்டும் மாற்றினால் அவ்விசைவு கெடும். வாயு எளிதாய் வெளியேறக் காற்று மிகுதியாய் உட்புகும். பெட்ரோலோ பழைய அளவே வரும். கலவை நீர்த்துப்போக எஞ்சின் சூடேறும். அதனை ஈடுசெய்யப் பெரிய ஜெட் போடுவர். பெட்ரோற் செலவு கூடும். இத்தனைக்கும் கிடைக்கும் பயன் யாது? நம் ஊர்த் தெருக்களில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் செல்லும் வண்டிக்கு ஓட்டுநர் உணரத்தக்க பயன் ஏதும் இல்லை. ஓசை மிகுந்ததால் வேகமும் மிகுந்ததென அவருக்குத் தோன்றுகின்றது; அவ்வளவே.

பந்தயம் ஓட்டுவோர் கூட அடக்கத்திற்கு உட்பட்ட வரலாறு ஒன்று உண்டு. புல்லட் என்னும் பெயர் 1930-களில் இங்கிலாந்திலே ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு ஆலையில் தோன்றியது. அந்நாட்டில் வேபிரிட்ஜ் என்னும் ஊரையடுத்துப் புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தயத்தளம் 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திறந்த புதிதிலேயே ஒருவர் 24 மணி நேரம் இடைவிடாது கார் ஓட்டினார். சுற்றிலும் குடியிருந்தோர் உறக்கமிழந்து முறையிட்டனர். இரவில் ஓட்டுவது அங்கே நின்றது. 1929-ஆம் ஆண்டில் 24 மணிப் பந்தயம் நடத்த விரும்பியபோது, அதனைப் பகலில் பன்னிரண்டு மணியாக இரண்டு நாட்களுக்குப் பிரித்தே நடத்தினர். அதற்கு முன்பே, 1920-களில், பந்தய வண்டிகளும் ஒலியடக்கி பூண வேண்டும் என்ற விதி அங்கே வந்துவிட்டது. மீன்வால் போன்ற முனையுடைய அவ்வடக்கிகள் பின்னர் அழகுக்காகவும் விரும்பப்பட்டன. உலக வேகத்தை அளந்தோர்க்கே அது தடையாகவில்லையெனின், விடுதியிலிருந்து தேநீர்க்கடைக்குச் செல்வோர்க்கு எங்ஙனம் தடையாகும்?

1955-ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவப்பட்டு, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் அவ்வண்டி மறைந்த பின்னரும் நம் கடற்கரை ஊரிலே அது தொடர்ந்து வாழ்ந்தது. ஆகவே அதனைப் புதுப்பிப்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. நம் நாட்டுத் தொழிலாளரின் கைவேலையைக் காப்பதுமாகும். ஒலியடக்கியும் அக்கைவேலையின் ஒரு பகுதியே அன்றோ?

இனி, யாம் செய்ததைச் சொல்லுவோம். இப்பணியில் இறங்குவோர்க்குச் சிறிது உதவலாம்.

முதலில் கழற்றுதல். துருவேறிய நட்டுகளை ஸ்பேனரால் ஒரே மூச்சில் திருகினால் போல்ட்டு முறிந்துவிடும். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து மூன்று நாள் காலையும் மாலையும் விட்டுக்கொண்டிருந்தோம். பின்னர்ச் சிறிது சூடுகாட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசைத்து, அதன்பின் தளர்த்தினோம். எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் குழாயைப் பட்டறையார் 'பெண்ட் பைப்' என்பர். எம் வண்டியில் அதன் முனை எஞ்சின் தலையின் வாயிலுக்குள் செருகப்பட்டிருந்தது. அத்தலை அலுமினியக் கலவையால் ஆனது. சுத்தியலால் அடித்தால் வாயில் சிதையும். எனவே மரக்கட்டையை அணைவாய் வைத்து இருபுறமும் சிறிது சிறிதாய் அசைத்தே அதனை வெளியே எடுத்தோம். அதற்கு மட்டும் ஒரு பகல் முழுதும் ஆயிற்று. பொறுமையிழந்து யாம் ஒருமுறை சுத்தியலை ஓங்கியதையும், திண்ணையிலிருந்து அப்பா இடக்கையை உயர்த்தித் தடுத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

கழற்றிய குழாயைத் தலைகீழாய்ப் பிடித்தபோது கையளவு துருப்பொடி கொட்டிற்று. உப்புக்காற்று வெளியே செய்த கேட்டைவிட உள்ளே நிகழ்ந்த கேடு மிகுதி. காரணம் வியப்பானது. பெட்ரோல் எரிவதால் புகை மட்டுமன்றி நீரும் உண்டாகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய் வெளிப்படும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி அந்நீராவியை முற்றும் வெளியேற்றிவிடும். பக்கத்துக் கடைவரை போய்த் திரும்பும் வண்டியிலோ குழாய் சூடாவதற்குள் பயணம் முடியும். நீர் உள்ளேயே படிந்து, எரிபொருளிலுள்ள சிறிதளவு கந்தகத்தோடு கூடிப் புளித்து, இரும்பை அரிக்கும். வண்டியை ஓட்டாமல் வாரத்திற்கொரு முறை கொட்டகையிலேயே இரண்டு நிமிடம் முடுக்கி நிறுத்துவது வண்டிக்கு நல்லது என்று எண்ணி, அண்ணன் முதல் இரண்டு ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தார். அதுவே ஒலியடக்கிக்கு நஞ்சாயிற்று. அடிப்புறத்தில் நீர் வடிவதற்காகச் சிறு துளையுள்ள ஒலியடக்கியாயின் அத்துளையைக் கம்பியாற் குத்தித் திறந்து வைக்கவேண்டும். அதனை ஓட்டையென்று கருதி அடைத்துவிடுவோரும் உளர்.

குழாயின் சுவர் உறுதியாய் உள்ளதா என்பதைத் திருப்புளியின் பிடியாலே தட்டி அறியலாம். நல்ல இடம் கணீரென்னும்; இற்ற இடம் மொத்தென்னும்; சில இடங்களில் முனை உள்ளேயே போய்விடும். எம் பெண்ட் பைப் பெரும்பாலும் கணீரென்றது. ஒலியடக்கியோடு சேரும் முனையில் மட்டும் இரண்டு துளைகள் இருந்தன. கிளாம்பு பலகாலம் நெருக்கியதால் முனையின் வட்டமும் கெட்டிருந்தது. லேத்துப் பட்டறையில் உருளை ஒன்று கடைந்து வாங்கி, அதனை முனைக்குள் செலுத்தி வட்டத்தைச் சீராக்கினோம். துளைகளைக் கேஸ் வெல்டிங்கால் அடைத்தோம். மெல்லிய தகட்டில் மின்சார வெல்டிங் வைத்தால், கை தேர்ந்தவரல்லாதார் துளையைப் பெரிதாக்கிவிடுவர்.

குரோமியப் பூச்சைப் பற்றி ஒரு சொல். அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அதன் கீழுள்ள நிக்கல் படலமே இரும்பைக் காக்கின்றது. உப்புத்தாளால் வீறாகத் தேய்ப்போர் துருவோடு பூச்சையும் தேய்த்தெடுத்து, மறு மழைக்காலத்தில் இருமடங்கு துருவைப் பெறுவர். அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தாலே போதும். அலுமினியம் குரோமியத்தினும் மென்மையானதாகலின் கீறல் விழாது. மீண்டும் பூச்சிடுதலை யாம் எளிதில் பரிந்துரைக்க மாட்டோம். அத்தொழிலிற் பெரிதும் வழங்கிவந்த ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. சிறு கூடங்களில் கையுறையுமின்றி அத்தொட்டிகளினருகே நிற்கும் தொழிலாளரை நினைந்தால், குழாய் சிறிது மங்கியிருப்பதே நன்று என்று தோன்றும்.

ஒலியடக்கியைக் காக்க முடியவில்லை. அதன் உடல் அடிப்புறம் முழுதும் இற்றிருந்தது. உள்ளிருந்தவற்றையோ பட்டறையார் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டனர். ஒவ்வோர் உறுப்பும் ஆலையிலிருந்து வந்ததாகவே இருக்கவேண்டும், துருவாயினும் பழந்துருவே உயர்ந்தது என வாதிடும் அன்பர் சிலர் உண்டு. அவர்களோடு யாம் உடன்படவில்லை. செயல்படாத பழம்பொருளைவிட, பழைய அமைப்பின்படி செய்த செயல்படும் புதுப்பொருள் வண்டிக்கு உண்மையானது. அண்ணன் சென்னைக்குச் சென்றபோது ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடினார். கேட்டவுடன் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டியவை எல்லாம் அலறும் குழாய்களே. "சத்தமில்லாததா வேண்டும்?" என்று ஒருவர் வியந்து கேட்டாராம். நான்காம் கடையில் பழைய அமைப்பின்படி செய்தது ஒன்று கிடைத்தது. தெரிந்தெடுக்கும் வழி எளிது: ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்க்கவேண்டும், உள்ளே தகடுகள் உள்ளது கனக்கும். விரலால் தட்டினால் வெறுங்கூடு பாத்திரம்போல் ஒலிக்கும்; மற்றது ஒலியாது. விலை எம் ஒரு மாதத்து விடுதிச் செலவினும் குறைவே. அலறும் குழாய்களிற் பல அதனினும் விலை மிக்கவை என்பதனை, செலவைக் காட்டி மறுப்போர் நினைவிற் கொள்க.

பொருத்தும்போது எதனையும் உடனே இறுக்கலாகாது. எஞ்சின் வாயில், கிளாம்பு, பின்தாங்கி எல்லாவற்றையும் தளர்வாய் மாட்டி, குழாய் தன் இயல்பான நிலையில் அமர்ந்த பின்னரே எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாய் இறுக்கவேண்டும். வலிந்து இழுத்துப் பொருத்தினால் அதிர்ச்சியில் தாங்கி முறியும். இணைப்புகளில் வெப்பந்தாங்கும் பசையிட்டோம். முடுக்குமுன் குழாய் முழுவதையும் தூய துணியால் துடைத்தோம்; விரலின் எண்ணெய்த் தடம் இருப்பின் முதற்சூட்டிலேயே அது அழியாக் கறையாய்ப் படிந்துவிடும். முடுக்கியபின், கந்தைத் துணியால் வால்முனையைச் சிறிது மறித்துக் காது கொடுத்துக் கேட்டோம். எங்கேனும் 'உஸ்' என்றால் அங்கே கசிவு. எம் கிளாம்பில் அது கேட்டது, மீண்டும் இறுக்கினோம். வண்டி சரிவில் இறங்கும்போது 'பட்பட்' என்று வெடிப்பதைப் பலர் வீரமாகக் கருதுகின்றனர். இணைப்பில் புகுந்த காற்றால் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் தீப்பற்றும் ஓசை அது என்பதை அறிந்தால் நாணுவர்.

சட்டத்தைப் பற்றியும் கூறவேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனமும் ஒலியைக் கூடியவரை குறைக்கும் சைலென்சர் பூண்டிருக்கவேண்டும் என்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பவை வரம்பு. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சூழ்ந்த நூறு மீட்டர் வரையுள்ள இடத்தை அமைதி மண்டலமாக்க அவ்விதிகள் வழிசெய்கின்றன. அங்கே வரம்பு இன்னும் ஐந்து குறைவு. டெசிபெல்லிற் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதையும் கருத்திற் கொள்க.

நம் நாட்டு நகரங்கள் சிலவற்றில் காவல் துறையினர் பறிமுதல் செய்த குழாய்களைத் தெருவில் வரிசையாய்க் கிடத்தி, சாலை உருளையால் நசுக்கிய செய்தியைப் படித்தோம். காண்பதற்கு அது வேடிக்கையே, பயன் சிறிது. வாங்கிய இளைஞனின் குழாய் நசுங்குகின்றது; விற்ற கடையின் வாயிலில் அடுத்த நாளும் அதே குழாய் தொங்குகின்றது. கடையிலிருந்து தொடங்காத எந்த நடவடிக்கையும் முழுமையாகாது என்பது எம் துணிபு. நம் கல்லூரியிலோ காவல் துறையினரை எதிர்நோக்க வேண்டுவதில்லை. கொட்டகையின் பொறுப்பு மாணவரிடமே உள்ளது. ஒலியடக்கி இல்லாத வண்டிக்கு அங்கே இடமில்லை என்று விடுதி மாணவர் மன்றமே முடிவு செய்யலாம். தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் வெறுங்குழாய் வண்டியொன்று விடுதிச் சுவரோரம் சென்றபோது எத்தனை சாளரங்கள் திறந்தன, எத்தனை வசவுகள் பிறந்தன என்பதை நாம் யாவரும் அறிவோம். அவ்வசவுகளிற் சில தொல்காப்பியம் படிப்போர் வாயிலிருந்தும் வந்தவையே.

இளைஞர் சிறிது ஆரவாரம் செய்யத்தான் செய்வர், விட்டுவிடுக என்பாரும் உண்டு. யாமும் பத்தொன்பது வயதினரே. ஆரவாரத்தை யாம் வெறுக்கவில்லை. விளையாட்டுத் திடலில் எம் குரலைக் கேட்டோர் அறிவர். ஆனால் திடலுக்கு வந்தோர் ஆரவாரத்தை விரும்பி வந்தோர். தெருவோரத்து வீட்டில் நோயுற்றுக் கிடப்பவர் அவ்வாறு வந்தவரல்லர். எழுந்து வேறிடம் செல்லவும் அவரால் இயலாது. எம் வீட்டிலேயே அத்தகையார் ஒருவர் இருந்தமையால் இதனை யாம் நூலிலிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை.

விடுமுறை முடிவதற்கு நான்கு நாள் முன்னர், மாலை ஐந்து மணியளவில், அண்ணன் வண்டியை முடுக்கினார். ஆடுகள் தலை நிமிரவில்லை. அப்பாவை இருவர் தாங்கிப் பின்னிருக்கையில் ஏற்றினோம். அண்ணனோடு சேர்த்து ஒரு துண்டால் இடுப்பைக் கட்டினோம். யாம் மிதிவண்டியில் பின்தொடர்ந்தோம். கடற்கரைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினர். கோயில் தெருவில் பாடகர் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. அப்பா இடக்கையால் அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணன் எஞ்சினை நிறுத்தி இறங்கி, அப்பா மேலே அமர்ந்திருக்க, வண்டியை உருட்டத் தொடங்கினார். யாம் மிதிவண்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினோம்.

மறுநாள் பெண்ட் பைப்பின் மேல்வளைவில் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்த இடத்தைத் தேய்த்து நீக்க முனைந்தோம். அது பழைய நீலம். எந்த ஆண்டு எந்தப் பயணத்தில் படிந்ததோ, அப்பாவுக்கே தெரியும். அவர் தலையை அசைத்து, "இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.